எட்டுச் சுற்று டியூப்

உயிர் காக்கும் மிதவையை எவராலும் அவிழ்க்க முடியாதபடி கட்டிவைப்பதுதான் பாதுகாப்பு என்று ஒன்பது வயதில் நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன்.

பிரெஞ்சுக் கப்பற்படையிலிருந்து பென்ஷனோடு திரும்பிய சித்தப்பா சின்னதாக ஒரு மோட்டார் படகு வாங்கி, பின்பக்கம் ஒரு வெள்ளை டிரம்மை உட்காரவைத்தார். உள்ளே ரப்பர் மிதவையை மடித்து வைத்திருக்கிறார்களாம். அவ்வளவு பெரிய சாமானை ஒரே பெல்ட்டும் ஒரு கொக்கியுமாக நிறுத்தியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. காக்கா உட்கார்ந்தாலே கழன்றுவிடும் போலிருந்தது.

அப்பா தட்டாஞ்சாவடிப் பட்டறையில் மெக்கானிக். சைக்கிள் கேரியரில் இரும்புச் சாமான்களைப் பழைய டியூபால் கட்டிக்கொண்டு வருவார். "கட்டுனா கழலக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் டிரம்மையும் கொக்கியையும் சேர்த்து எட்டுச் சுற்று டியூப் சுற்றி, விழுந்தது போக மிச்சமிருந்த பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன்.

மறுநாள் எஞ்சினில் ஏதோ சத்தம் என்று அப்பாவையும் கடலுக்குக் கூட்டிப்போனார் சித்தப்பா. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. நானும் சித்தியும் இட்லித் தூக்கோடு துறைக்குப் போனபோது படகு முகத்துவாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"டிரம்மு இருக்குல்ல சித்தி, பயமில்ல" என்றேன் பெருமையாக.

"ஆமாண்டா. கொக்கிய ஒரு தட்டு தட்டுனா போதும், தண்ணில வுழுந்து விரிஞ்சிக்கும். படகே முழுவுனாலும் தானா கழண்டு மேல வந்துடுமாம்."

"அத டியூபு போட்டுக் கட்டியிருந்தா?"

"அதுவும் கூடச் சேந்து முழுவும். எந்தக் கிறுக்கன்டா அதப் போய்க் கட்டுவான்?"

கிறுக்கன் இட்லித் தூக்கோடு அவள் பக்கத்திலேயே நின்றான். பிள்ளையாருக்குத் தேங்காய், மாதாவுக்கு மெழுகுவத்தி என்று இரண்டு இடத்திலும் சொல்லிவைத்தேன். சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டே அலைதடுப்புக் கற்கள்மேல் ஓடினேன். தூரத்தில் சித்தப்பா எழுந்து நின்று குஷியாகக் கையாட்டினார். வழியனுப்புகிறேனாம்! சித்தி கேட்டதற்கெல்லாம் வயிற்று வலி என்றேன். அதில் பொய்யும் இல்லை.

மத்தியானம் படகு திரும்பியது. அப்பா வாந்தியெடுத்து வெளுத்துப்போய் இறங்கினார்.

"டேய், உங்கப்பா கட்டுன கட்டக் கேளுடா!" என்று கத்தினார் சித்தப்பா. "எட்டுச் சுத்து! என் கத்தியே மழுங்கிப்போச்சி. கொண்டாந்து கட்டுறாரு பாரு, இன்னாவோ கேரியர்ல வச்ச இரும்பாட்டம்!"

அப்பா என்னைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா கட்டியது என்றே சித்தப்பா நினைத்துவிட்டார் போல, தப்பித்தோம் என்று நான் நான்கு இட்லி தின்றேன். அந்தக் கேலி முப்பது வருடமாக எல்லாக் கல்யாணப் பந்தியிலும் அப்பாவைத் துரத்தியது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அது நான் கட்டியது என்று தெரியுமா என்று போன மாதம்தான் அப்பாவிடம் கேட்டேன்.

"முடிச்சுல பல்லுத் தடம் இருந்திச்சி" என்றார். "நடுவுல ஒரு பல்லு இல்ல."

படகு கிளம்பும் முன்பே பார்த்துவிட்டிருக்கிறார். "யாரு கட்டுனது?" என்று தம்பி கத்தியபோது, "நான்தான்" என்றிருக்கிறார். டியூபைக் கரையிலேயே அறுத்துப் போட்டுவிட்டுத்தான் இருவரும் கிளம்பியிருக்கிறார்கள்.