திட்டும் ஒரு மேற்கோள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் டாக்டராக வேலை பார்த்தேன். கோடை வந்தால் தேள் கொட்டிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருநாள் கீழக்குயில்குடியிலிருந்து ஒருவர் தன் மகளைக் கொண்டுவந்தார். வழியிலேயே ஒரு கிளினிக்கில் ஊசி போட்டிருந்தார்கள்.

"அதுவரைக்கும் பேசிக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு. அந்த ஊசி போட்ட பெறகுதான் நெஞ்சு அம்புட்டு வேகமா அடிக்குது," என்றார்.

நாடியைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

அந்த ஊசி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரிலிருந்து ஒரு மருத்துவ ஆய்விதழ் வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியர் பெரிய டாக்டர். பழங்காநத்தத்தில் அவருடைய கிளினிக் மாடிதான் இதழின் அலுவலகம். தேள்கடிக்கு அதுதான் மருந்து என்று அவர் எழுதியதை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் போட்டார்கள். அந்த ஊசியோடு எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளையும், போடாமல் வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். போட்டவர்கள் நிலைதான் மோசம். அவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டு, அது தவறு, ஊசியை நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். வேறு எங்கே வந்தாலும் இந்தப் பக்கத்து டாக்டர்கள் பார்க்கமாட்டார்கள் என்பதால் அவரிடமே கொடுத்தேன்.

கூப்பிட்டனுப்பினார். சண்டைக்குத் தயாராகத்தான் மாடி ஏறினேன்.

"வாம்மா, உக்காரு. பிரமாதமா எழுதியிருக்க," என்று காபி வரவழைத்தார்.

"சார், உங்க கட்டுரை தப்புன்னு எழுதியிருக்கேன்."

"எழுதிட்டுப் போயேன். திட்டுனாலும் கணக்குல சேரும்."

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் மேலே ஏறும் கோடு ஒன்றைக் காட்டினார். ஓர் இதழின் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் வெளிநாட்டில் அதன் தரத்தை அளக்கிறார்களாம். எதற்காகக் காட்டினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லையாம்.

"இன்னும் நாலஞ்சு எடத்துல நம்ம இதழ்க் கட்டுரைங்களச் சேரு. அடுத்த மாசமே போட்டுர்றேன்."

"படிக்காத கட்டுரைங்களையா?"

"யாரும்மா படிக்கிறா?"

"அந்த ஊசி போட்டு ஒரு பிள்ளை செத்துப்போச்சு சார்."

"பாவம்," என்றார். காபியில் படிந்த ஆடையை விரலால் எடுத்துச் சாஸர் ஓரத்தில் தேய்த்தார். "அந்த கேஸை விரிவா எழுது. எல்லாரும் எடுத்துக் காட்டுவாங்க."

காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

நான் எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் அச்சில் என் கட்டுரையின் அடியில், மேற்கோள் பட்டியலில், நான் கண்ணால் பார்த்திராத ஏழெட்டுக் கட்டுரைகள் வரிசையாக நின்றன. எல்லாம் அவர் இதழில் வந்தவை. ஒன்று சொத்தைப் பல்லைப் பற்றியது. ஊசியை நிறுத்த வேண்டும் என்ற வரி, "மேலும் ஆராயலாம்" என்று மாறியிருந்தது.

சில மாதங்கள் கழித்து ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் இதழின் வளர்ச்சிக்கு விழா. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது என்று அவருடைய தேள்கடிக் கட்டுரைக்கே சால்வை போர்த்தினார்கள். என் பக்கத்தில் இருந்த கிராமத்து இளம் டாக்டர் ஒருவர் குனிந்து, "அக்கா, நீங்களும் சார் கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்கீகளாமே. நானும் இப்ப அந்த ஊசிதான் போடுறேன்," என்றார்.

அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். "அது தப்புன்னு சொல்லத்தான் எடுத்துக் காட்டுனேன். தயவுசெஞ்சு பிள்ளைகளுக்கு அந்த ஊசியைப் போடாதீங்க," என்றேன்.

பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்து, "நல்ல விவாதம்! இதையும் அடுத்த இதழ்ல போட்டுருவோம்," என்றார். கை தட்டினார்கள். இலை போட்டாயிற்று என்று யாரோ சொல்ல, எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

அந்த இளம் டாக்டர் மட்டும் என் பின்னால் வந்தார். "நெசமாவாக்கா?" பஸ் ஸ்டாண்டு வரை நடந்துகொண்டே வார்டில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அவர் அந்த ஊசியை நிறுத்திவிட்டார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, ஊர் ஊராக டாக்டர்களைப் பார்த்துச் சொன்னேன். சிலர் கேட்டார்கள். திருமங்கலம் பக்கம் ஒருவர் அந்த இதழைத் தூக்கிக் காட்டினார்.

"இம்புட்டுப் பேரு எடுத்துக் காட்டியிருக்காங்க. தப்பா இருக்குமாம்மா?"

"நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மணியை அடித்து அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னார்.