ஏழாம் வளையத்தை நான் அளக்கவில்லை

நான் அளக்கவில்லை. அளந்ததாக எழுதிக் கையொப்பம் இட்டேன். அது மட்டும் என்றால் உங்கள் முன் வந்து நிற்க மாட்டேன்... அது தெரிந்திருந்தும், என் இடத்தில் என் நண்பனை ஆழக் கடலுக்குள் அனுப்பிவிட்டு மேலே நின்றேன்!

இத்தனை காலம் கழித்துச் சொல்ல எங்கிருந்து துணிவு வந்தது என்று கேட்பீர்கள். அந்த நீர்மூழ்கிக் கப்பல் இனி இல்லை. அதை வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஓர் உயிரையும் அது கொண்டுபோகவில்லை. அப்பாடா! ஒன்பது வருடமாக விட முடியாமல் வைத்திருந்த மூச்சு இது.

எனக்கு ஊர் புங்குடுதீவில் மடத்துவெளி. மரியதாஸ் ஊர்காவற்றுறைக்காரன். இங்கே ஒருவரையொருவர் அறியாத நாங்கள் இருவரும், வெளிநாட்டுக் கப்பல் தளம் ஒன்றில் ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்தோம். அவனுக்கு வெல்டிங் வேலை. எனக்கு அளவு பார்க்கும் வேலை. சுற்றுலாப் பயணிகளை நூறு மீற்றர் ஆழத்துக்கு இறக்கிக் கடல் காட்டும் சிறிய நீர்மூழ்கி ஒன்றை அங்கே கட்டினோம்.

வலைக்குக் கம்பு நட இறங்கினால் நெஞ்சளவு தண்ணீர் நிற்கும் கடலில் வளர்ந்தவன் நான். ஆழம் என்றால் என்னவென்று அங்கேதான் படித்தேன். நூறு மீற்றரில், ஒரு கதிரையின் இருக்கையளவு இரும்பை மூடைகள் ஏற்றிய இரண்டு லொறிகளின் பாரம் அழுத்தும். அதைத் தடித்த இரும்பு மட்டும் தாங்குகிறது என்று நினைக்கிறீர்களா? இல்லை... வட்டம்தான் தாங்குகிறது!

தகட்டை உருளையாகச் சுருட்டி, இரண்டு முனைகளையும் அரைக்கோளத்தால் மூடி, உள்ளே விலா எலும்பு மாதிரி வளையங்களை வரிசையாக ஒட்டுவார்கள். வட்டம் பிசகாமல் இருந்தால் அழுத்தம் சுற்றிவரப் பகிரப்பட்டுவிடும். ஓரிடம் கொஞ்சம் தட்டையாகிவிட்டாலோ, நெரிவு முழுவதும் அங்கே திரண்டு உடலே மடிந்துபோகலாம். தப்புவதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. அந்த வட்டத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஒரு வளையத்துக்கு இருபத்துநான்கு இடங்களில் அளக்க வேண்டும்.

ஏழாம் வளையத்தை அளக்க வேண்டிய அன்று நயினாதீவு அம்மனுக்குத் தேர். கப்பலின் வயிற்றுக்குள் குந்தியிருந்து கைபேசியில் நேரலை பார்த்தேன். சனம் வடம் பிடிக்கிறது, அரோகரா கேட்கிறது... எப்படி எழும்புவேன்? தேர் இருப்பிடத்துக்கு வருவதற்குள் மேற்பார்வையாளர் தாளைக் கேட்டு வந்துவிட்டார். ஆறாம் வளையத்தின் எண்களையே அங்கொன்று இங்கொன்றாக மாற்றி நிரப்பி நீட்டினேன்.

நாளைக்கு அளந்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். மறுநாள் போனால், அந்த இடத்தைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள்! வாய் திறந்து சொல்லியிருந்தால் கழற்றியிருப்பார்கள். என் வேலை போயிருக்கும், விசாவும் போயிருக்கும். அம்மனைக் காட்டித் தப்ப நான் விரும்பவில்லை. பக்தியா அது? பாதி பக்தி, பாதி அலுப்பு.

முதலில் கப்பலை ஆளில்லாமல் இறக்கிப் பார்த்தார்கள். பழுதில்லாமல் ஏறி வந்தது. ஆனால் ஒரு முறை தாங்கியது மறுமுறையும் தாங்கும் என்று யார் சொன்னது? அடுத்த நாள் ஆட்களோடு இறக்கும் பட்டியலில் என் பெயர் இருந்தது. வயிறு சரியில்லை என்றேன். “அப்ப நான் போறன்!” என்று தாஸ் முன்னுக்கு வந்தான். அவனுடைய மகள் பிறந்து அப்போது மூன்று மாதம். நான் தடுக்கவில்லை.

ஐம்பது நிமிடம்... சிரித்துக்கொண்டு ஏறி வந்தான்.

இருவரும் ஊருக்குத் திரும்பிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சென்ற கிழமை அவனைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் கண்டேன். படகு ஒன்றைத் திருத்த வந்திருந்தான். பழைய கூட்டாளி ஒருவன் அனுப்பிய படத்தைக் கைபேசியில் காட்டினான். கப்பல் இரண்டு துண்டாகக் கிடந்தது.

“பார் மச்சான், எங்கட கப்பலை வெட்டிப்போட்டாங்கள்,” என்று கவலைப்பட்டவன், உடனே வழக்கமான பகிடிக்கு மாறினான். “நான் அதுக்குள்ள போய் வந்த ஆள். நீ வயித்துக்குத்தெண்டு படுத்த ஆள்!”

நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். ஒன்பது வருடப் பயம் அப்படியே கரைந்து கண்ணால் வழிந்தது. அந்த ஆனந்தத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “நான் இறங்கேக்க உனக்கு உது தெரியும்?”

“ஓம்.”

“நான் கீழ இருக்கேக்க நீ மேல நிண்டு என்ன செய்தனீ?”

கும்பிட்டேன் என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் ஒரு நாளாவது உண்மை பேசுவோமே! “உன்ர மனிசிக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சனான்,” என்றேன்.

“என்ன சொல்ல இருந்தனீ?”

“விபத்தெண்டு.”

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் படகுக்குள் இறங்கி வேலையைத் தொடர்ந்தான். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நல்ல நித்திரை. மறைக்க மாட்டேன்... இத்தனை வருடங்களில் இப்படி நான் உறங்கியதே இல்லை. சோறு ருசிக்கிறது. மனைவிகூட, முகம் தெளிந்திருக்கிறது என்கிறாள். அதில் ஏறி இறங்கிய அத்தனை பேரும் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் இலேசாகிறது.

நேற்றுக் காலை தாஸின் மனைவி தொலைபேசி எடுத்தாள்.

“பாலண்ணை, இவர் ஒரு கிழமையா நித்திரை கொள்ளுறாரில்லை. எழும்பி எழும்பி இருக்கிறார். கேட்டா ஒண்டும் சொல்லுறாருமில்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டதாக உங்களிடம் பீற்றிக்கொள்ளும் இதே வாயால் அவளுக்குப் பதில் சொன்னேன்.

“தெரியாது, தங்கச்சி.”