அறுபத்து நாலு பை இருபத்தாறு

அபிராமபுரத்தில் ஒரு சின்னப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள், ஏசியில் தண்ணீர் ஒழுகினாலும் என்னைத்தான். அலுப்பாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னால், "உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே" என்கிறார்கள். அதனால் சொல்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் வந்தார். சாந்தோம் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவரின் வயிற்றுக் கட்டியிலிருந்து எடுத்த சதையின் ரிப்போர்ட் எங்களிடம் தயாராக இருந்தது. அது புதன்கிழமைக்குள் வெளியூர் மருத்துவமனைக்குப் போனால்தான் அந்த வார ஆபரேஷன் பட்டியலில் அவர் பெயர் ஏறும். போனில் பிடித்த படம் செல்லாது. எங்கள் மெயில் வேண்டும், அல்லது கையெழுத்துப் போட்ட அசல் வேண்டும். மெயில் அனுப்பினேன். "போயிடுச்சு டீச்சர்" என்றேன்.

செவ்வாய் காலை மறுபடி வந்தார். "தம்பி, அங்க இன்னும் வரலையாம்."

அனுப்பியவை பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருந்தது. "போயிடுச்சு டீச்சர். ஸ்பேம்ல பாக்கச் சொல்லுங்க" என்றேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பதில் இது. சொல்லிவிட்டால் எதிரே நிற்பவர் போய்விடுவார்.

புதன் சாயங்காலமும் வந்தார். கவுண்டர் ஓரமாக நின்றார். அதற்குப் பிறகுதான், திரும்பி வரும் மெயில்கள் போய் விழும், யாரும் திறக்காத பழைய பெட்டியைத் திறந்தேன். டீச்சரின் ரிப்போர்ட் இரண்டு நாளாக அங்கே கிடந்தது. இந்த எண்ணுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை, அதனால் ஏற்க முடியாது என்று அந்த மருத்துவமனையின் சர்வர் திருப்பி அனுப்பியிருந்தது.

இணையத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு. பெயரைச் சொன்னால் அந்த எண்ணைத் தருவது தினப்படி நடப்பது. மெயில் வந்தால் சில சர்வர்கள் தலைகீழாகக் கேட்கும்: இந்த எண்ணிலிருந்து வருகிறாயே, உன் பெயர் என்ன? அந்த எண்ணைக் கடைசியிலிருந்து முன்னால் திருப்பி எழுதித் தேடும். எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு எண்களின் முழு வரிசையும் கிடைக்காது, ஒரு துண்டுதான். அந்தத் துண்டை 64/26 என்று எழுதுவார்கள். முதலாவது, துண்டு தொடங்கும் இடம். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளது அதன் அளவைக் காட்டும் குறி. பதிவேட்டில் அந்தத் துண்டின் பெயரும் இதுதான். பெயருக்குள் சாய்கோடு வருவது அபூர்வம், ஆனால் செல்லும். எங்களுக்குப் பல வருஷம் செல்லுபடியானது.

தியாகராய நகரில் எங்களுக்கு இணைப்பு தருபவர்களின் அலுவலகத்துக்கு ஓடினேன். போனில் சொன்னால் புகார் எண் தருவார்கள், அவ்வளவுதான். பதிவுகளைப் பார்ப்பவர் என் வயதுக்காரர், நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தோம். ஒரு இடத்தில் 64/26 என்று இருந்தது. அது கைகாட்டிய இடத்தில் வெறும் 64. பெயர் பொருந்தாததால் தேடல் அங்கேயே நின்றுபோயிருந்தது.

"யார் மாத்துனது?"

"நான்தான் சார். போன வாரம் லிஸ்ட்ட கிளீன் பண்ணிக்கினு இருந்தேன். புது நம்பர் பை பழைய நம்பர்னு போட்டு கீதுன்னு நெனச்சேன். பழசு இன்னாத்துக்குன்னு தூக்கிட்டேன்."

கத்த வேண்டும் என்றுதான் வந்தது. ஆனால் இந்த ஊரில் எந்த வாசலில்தான் புதுசு, பழசு என்று நடுவில் சாய்கோடு போட்டு இரண்டு கதவு எண் இல்லை? சாப்பாடு கொண்டுவருகிறவன்கூட தெருமுனையில் நின்று "புதுசா, பழசா?" என்றுதான் போன் செய்கிறான். என் மின்சாரக் கட்டண அட்டையில் ஒரு எண், ரேஷன் அட்டையில் இன்னொன்று. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் தூக்கியிருப்பேன்.

ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். ஆனால் பெயர் இல்லை என்ற பதிலை ஒருமுறை வாங்கிய சர்வர்கள் அதைச் சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். மறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வியாழன் மதியம் மெயில் போய்ச் சேர்ந்தது. பட்டியல் புதன் இரவே முடிந்திருந்தது. அடுத்த முறை மூன்று வாரம் கழித்து.

டீச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சாய்கோடு, புது எண், பழைய எண் என்று. யார் தவறு என்று சொல்வதில் எனக்குள் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, வெட்கமில்லாமல்.

அவர் முழுவதும் கேட்டார். கோபம் இருந்ததா என்று குரலில் தெரியவில்லை.

"அது எனக்குப் புரியல தம்பி. போகலைன்னு நீங்க செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா, பேப்பர வாங்கிட்டு நானே பஸ் ஏறிப் போய்க் குடுத்திருப்பேனே. மூணு மணி நேரந்தானே."