பிரிஜ்ஜுக்குள் வைத்த பசைக் கோன்

பிள்ளைகளே, உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக நடுவில் பிறந்த மகனுக்கு.

போன கிழமை நீ கைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தாய். "வாப்பா, இஞ்ச பாருங்க, கத்தி, அரம் எல்லாம் சேத்து அறுவது சாமான்! சின்ன வீடு, சின்ன பஸ் எல்லாம் செய்யலாம். பாதி விலைக்கு இரிக்கி!" என்றாய். நான் வேணாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். நீயும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஏன் வேண்டாம் என்பதை வாயால் சொல்லப் போனால் நீங்கள் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுத்து. நான் ஒன்பதாம் ஆண்டோடு கொப்பியை மூடிய ஆள். எழுத்துப் பிழை இருந்தால் மூத்த மகள் திருத்தட்டும். சாமான்களைப் பற்றிச் சொல்வதை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

இந்த வருட நோன்பு மாதத்தில் மேசன் வேலை எங்களுக்கு மதிய ளுஹர் தொழுகையோடு முடிந்துவிடும். பிறகு வீட்டுக்கு வந்து சீமெந்துத் தரையில் படுத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஐந்தாம் நோன்பன்று உங்கள் உம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இஞ்சாருங்க, நாலு தரம் நேரத்தக் கேட்டுட்டீங்க. எழும்பி ஏதும் ஒரு வேலையச் செய்யுங்களன்."

அப்போதுதான் நம் வீட்டைக் காட்போட்டில் சின்னதாகக் கட்டிப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஒரு பிஸ்கட் டின் அளவு. நம் வீடு என்று எழுதிவிட்டேன், அது உம்மாவின் வீடு. நம்மூரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வான். நானும் அப்படி வந்தவன்தான். இத்தனை வருடமாக ஊரிலுள்ளவர்களின் மகள்மாருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் உம்மாவின் வீட்டுக்கு வந்து சோறு தின்கிறேன்.

"கட்டுங்க, கட்டுங்க," என்றாள் உம்மா. "ஆனா அது என்ட வீடு. ஒரு யன்னல் கொறஞ்சாலும் நான் பாரமெடுக்க மாட்டன்."

அதே மாதத்தில் சின்ன மகளே, நீ உன் கட்டடத்தைத் தொடங்கியிருந்தாய். ஒன்பது வயதில் முப்பது நோன்பையும் பிடிப்பேன் என்று அறிவித்தாய். பக்கத்து வளவில் இருக்கும் உம்மாவின் தங்கச்சி, உன் சாச்சியிடம் வாக்கும் வாங்கிவைத்தாய். ஒன்றும் விடாமல் பிடித்தால் பெருநாளைக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மருதோண்டி. மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளங்கை மட்டும்தான். தினமும் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கையை நீட்டி, கோடு எதுவரைக்கும் வந்துவிட்டது என்று எனக்குக் காட்டுவாய். பத்தாம் நோன்பில் மணிக்கட்டு. இருபதில் அதற்கு மேலே நாலு விரல்.

இனிச் சாமான்கள்.

வேலைத்தளத்தில் யாராவது மலிவான மேசன் கரண்டியோடு வந்தால் முதலில் சிரிப்பவன் நான்தான். அப்படிப்பட்ட நான், இரண்டு கோழி வாங்கும் காசுக்கு நாற்பது சாமான் வருகிறது என்று கைபேசியில் பார்த்து, யாருக்கும் சொல்லாமல் ஓடர் பண்ணிவிட்டேன். வந்தது. ஸிப் வைத்த அழகான பை. பையில் மட்டும் குறையில்லை. நாற்பதில் இருபது, கத்திக்குப் போடும் அலகுகள். அதில் ஒன்றுகூட அந்தக் கத்திப் பிடிக்குள் இறுகவில்லை. காட்போட்டை வெட்டப் போனால் பிடி ஒரு பக்கம் போகும், அலகு இன்னொரு பக்கம் போகும். சின்னத் துண்டுகளைப் பிடிக்கும் சாவணத்தின் இரண்டு நுனியும் கோபித்துக்கொண்ட சம்பந்திமார் மாதிரி ஒன்றையொன்று பார்க்காது. அரத்தால் நகத்தைத் தேய்த்துப் பார்த்தேன். நகம் அப்படியே இருந்தது, அரம் தேய்ந்துவிட்டது.

"நாப்பதும் வேல செய்யிதா?" என்று உம்மா கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

"பை நல்லா இரிக்கி," என்றேன். இப்போது அது அவளுடைய ஊசி நூல் பை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வாங்கினேன். அளந்து கோடு போட அடிமட்டம் வாங்கினால் இரும்பு அடிமட்டம் வாங்குங்கள். பிளாஸ்டிக்கைக் கத்தி தின்றுவிடும். கடையில் இரண்டை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் இரண்டில் ஒன்று வளைந்தது. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். நான் ஆறு அடிமட்டத்தைச் சோடி சோடியாகப் பிடித்துப் பார்த்தேன். "காக்கா, அடிமட்டத்துக்குப் பொண்ணு பாக்கிறீங்களா?" என்று கேட்டார் அவர்.

கத்திக்கு மருந்து விற்கும் பாமசிக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் பாவிக்கும் கத்திப் பிடியும் அலகும் அங்கே தனித்தனியாகக் கிடைக்கும். அலகு மொட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். பாமசித் தம்பி என் சீமெந்துக் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஆருக்கு காக்கா ஒப்பரேசன்?"

"மனிசிட வீட்டுக்கு."

"அங்க என்ன பிரச்சின?"

"யன்னல் வெட்டணும்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தான்.

சாவணம் மணிக்கூடு திருத்துபவரிடம் வாங்கியது. அவர் பாவித்துப் பழசானது. வாங்குமுன் சோதித்துப் பார் என்றார். எப்படி என்று கேட்டேன். என் கையிலிருந்த மயிர் ஒன்றைச் சாவணத்தால் பிடித்துச் சுண்டி இழுத்தார். "வலிக்கிதா? அப்ப நல்ல சாவணம்," என்றார். ஒட்டிய சுவரை இறுக்கிப் பிடிக்க உம்மாவின் உடுப்புக் கிளிப்புகளே போதும். ஆனால் ஈர உடுப்பு கொடியில் கிடக்கும்போது எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், தெரியும்.

வாங்கும்போது எத்தனை சாமான் என்று எண்ணாதீர்கள். அதை எத்தனை நாள் கையில் எடுப்பீர்கள் என்று யோசியுங்கள். இந்த மூன்றையும் நான் அந்த மாதம் ஒருநாள்கூட எடுக்காமல் விட்டதில்லை.

சுவர் எழும்பியது, கூரை வந்தது. யன்னல் கம்பியில்தான் மாட்டிக்கொண்டேன். நம் வீட்டு யன்னலில் டயமண் டயமணாக, சாய்ந்த சதுரமாகக் கம்பி இருக்கிறதே, அதை நூலால் கட்டிப் பார்த்தேன், தொய்ந்தது. ஈர்க்கிலைச் சீவிப் பார்த்தேன், உலக்கை மாதிரி நின்றது. அந்த நேரம் சாச்சி பெருநாளைக்காகப் பொலித்தீன் தாளில் மருதோண்டிக் கோனால் பூப்போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். கோட்டைப் பார்த்தேன். நூலைவிட மெல்லிசு!

ஓடிப்போய் ஒரு கோன் வாங்கினேன். உள்ளே இருந்த மருதோண்டியை வீணாக்க மனமில்லாமல் தாடியில் பூசிக்கொண்டேன். (தாடி செங்கல் நிறத்துக்கு வந்ததற்கு நீங்கள் சிரித்ததை நான் மறக்கவில்லை.) கோனைக் கழுவிக் காயவைத்து, தச்சர்கள் பலகைக்குப் பூசும் வெள்ளைப் பசையில் மண்ணிறத் தண்ணிப் பெயின்ற் கலந்து நிரப்பி, வாயை மடித்து டேப் ஒட்டினேன். பொலித்தீன் தாளில் டயமண் கம்பிகளைக் கீறி, காய்ந்ததும் உரித்தால் கம்பி அப்படியே கையோடு வந்தது. பிள்ளைகளே, நான் வாங்கியதிலேயே மிகவும் மலிவான சாமானும் மிகவும் நல்ல சாமானும் அதுதான். சின்ன மகள் பக்கத்தில் குந்தியிருந்து, "வாப்பாக்கு கோடு நடுங்கல்ல," என்று சாட்சி சொன்னாள்.

பசை வெயிலுக்குக் காய்ந்துவிடக் கூடாதே என்று கோனைப் பிரிஜ்ஜின் கதவுத் தட்டில் வைத்தேன். உம்மா மருதோண்டிக் கோன்களையும் அங்கேதான் வைப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தேன், ஒரே மாதிரிச் சாமான்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று. மேசன் புத்தி.

முப்பதாம் நோன்பு. ளுஹர் தொழுதுவிட்டு நம் வீட்டுக்கு வந்த சாச்சி பிரிஜ்ஜைத் திறந்து ஒரு கோனை எடுத்தாள். அவளுக்கு அன்று தடிமன், மூக்கு முழுக்க அடைப்பு. வாசலில் நம் ஒழுங்கையிலுள்ள அக்கம்பக்கப் பிள்ளைகள் வேறு வரிசையில் நின்றார்கள். சின்ன மகளே, முதல் கை உன்னுடையது. நான் அறைக்குள் கூரைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். சாச்சியின் குரல் கேட்டது:

"மாஷா அல்லாஹ், இந்தக் கோன் என்ன நைஸா வருது! ஒரு இடத்திலயாவது அடைக்கல்லயே!"

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல கோன்தான் போலும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

முழங்கை வரைக்கும் கொடியும் பூவும். நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதிரையில் அசையாமல் இருந்தாய். மூக்கில் ஈ இருந்தது. "ராத்தா, ராத்தா, கலைங்க!" என்று மூத்தவளைப் பார்த்துக் கத்தினாய், கையைத் தூக்கவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கை, முகம் கழுவி உளூச் செய்ய எழும்பிப் போனாய். தண்ணீர்ச் சத்தம். தண்ணீர் நின்றது, நீ வெளியே வரவில்லை.

நாங்கள் போய்ப் பார்த்தோம். ஒரு கையின் பூ முழுதாக, கிழியாமல், தோல் மாதிரி உரிந்து உன் மற்றக் கையில் தொங்கியது. அதற்குக் கீழே கை வெறும் கையாக இருந்தது.

"நிறம் வரல்ல உம்மா," என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அழுகை.

அல்லாஹ்வுக்குப் பொதுவாக உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் புத்தியில் ஒரு மூலை, 'எவ்வளவு சுத்தமாக உரிந்திருக்கிறது, பொலித்தீனில்கூட இப்படி வரவில்லையே!' என்றது. நல்லவேளை வாய் திறக்கவில்லை. நீ அந்தப் பூவைச் சுழற்றிக் குளியலறைச் சுவரில் அடித்தாய். ஈரத்தோடு மாபிளில் ஒட்டிக்கொண்டது.

சாச்சி ஓடிவந்து கோனை மோந்து பார்த்தாள். மூக்கடைப்பு. நாக்கில் வைக்கப் போனவளை உம்மா தடுத்தாள், "நோன்பு, நோன்பு!" என்று. பிறகு எல்லோருடைய கண்ணும் என் செங்கல் தாடிக்கு வந்தது. நான் ஒத்துக்கொண்டேன்.

"அதானே பாத்தன்!" என்றாள் சாச்சி. "இந்த மாதிரிக் கோன் நான் பிடிச்சதே இல்ல மச்சான், எனக்கும் ரெண்டு செஞ்சி தாங்க." சிரிப்பை அடக்கமுடியாமல் சீலைத் தலைப்பைக் கடித்தாள். "வா மகள், வேற கோனெல்லாம் இரிக்கி. வெளிய நிக்கிற ஆறு பேருக்கும் போட்டுட்டு ஒனக்குப் போடுறன்."

"ஏலா," என்றாய். அழுகை நின்றுவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயம். "நான்தான் மொத கை. முப்பதும் பிடிச்சது நான்தான்." என்னைப் பார்த்தாய். "நீங்கதானே வச்ச. நீங்கதான் போடணும்."

"எனக்குப் பூ வராதே மகள்."

"கோடு வருந்தானே?"

தொழுதுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நிஜக் கோனை உம்மா தன் கையால் எடுத்து, மோந்து பார்த்து, தன் நகத்தில் ஒரு புள்ளி வைத்துப் பரீட்சித்த பிறகுதான் என்னிடம் தந்தாள். பூவொன்று முயன்றேன், பொல்லுப் பிடித்த நண்டு போல வந்தது. துடைத்தேன். பிறகு என் கைக்குத் தெரிந்ததைச் செய்தேன். உள்ளங்கையில் நம் வீட்டு யன்னல், டயமண் டயமணாக. விரல்களில் கல்வரிசை, மேல் கல் கீழ் மூட்டை மூடும்படி முறையாக. மணிக்கட்டைச் சுற்றித் தடித்த அத்திவாரம். அதற்கு மேலே முழங்கை வரைக்கும் மதில். வாக்கு முழங்கை வரைக்கும் அல்லவா?

மகனே, நீ எட்டிப் பார்த்தாய். "வாப்பா, தங்கச்சிட சீதன வீடு முடிஞ்சி போல!"

"இன்னும் கரண்ட் எடுக்கல்ல," என்றாள் உம்மா அடுப்படிக் குசினியிலிருந்து.

நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்லும்போது இடது முழங்கையில் கடைசிக் கல் வரிசை போய்க்கொண்டிருந்தது. சின்ன மகளே, உம்மா பேரீச்சம்பழத்தை உன் வாயில் வைத்தாள், எனக்கும் வைத்தாள். கஞ்சியும் அப்படித்தான், கரண்டி கரண்டியாக. நீ கையை அசைக்கவில்லை.

பெருநாள் காலையில் நல்ல சிவப்பு. இடது கை கொஞ்சம் மங்கல், அது என் பிழை, அவசரப்பட்டேன். ஒழுங்கையில் ஒரு பிள்ளை உன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதென்ன டிசைன்?" என்று கேட்டது. நான் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். பதில் என்ன வரப்போகிறதோ என்று பொத்தான் துளைக்குள் போகவில்லை.

"எங்கட வீட்டு யன்னல்," என்றாய். "வாப்பா போட்ட. ஒங்கட வாப்பாக்குத் தெரியாது."

பத்து மணிபோல நீங்கள் எல்லோரும் உம்மாவோடு மருதமுனையிலுள்ள என் உம்மாவைப் பார்க்கப் புறப்பட்டீர்கள். நான் பின்னால் வருகிறேன் என்று சொன்னது ஞாபகமா? பெருநாள் உடுப்போடு குளியலறைக்குப் போனேன். பூ இன்னும் மாபிளில் ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டுக்காரரின் சாவணத்தால் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தேன். மேசையில் வைத்து, இரும்பு அடிமட்டத்தை அழுத்தி, பாமசிக் கத்தியால் நடுப்பூவை மட்டும் சதுரமாக வெட்டினேன். சின்ன வீட்டில் பின் அறை யன்னல் ஒன்றுக்கு அதுவரை கம்பி போடவில்லை. சின்ன மகளே, அது நீ படுக்கும் அறை. நான்கு மூலையிலும் பசை தொட்டு, பூவை அந்த யன்னலில் ஒட்டி, காயும்வரைக்கும் விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.