முதல் அழைப்புக்கு மூன்றாவது பொத்தான்

டி. கல்லுப்பட்டியிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தால் நாகஜோதி நோட்டை எடுத்துப் பெட்டி பெட்டியாக வரைவாள். பெட்டிக்குள் ஒரு வேலை, அதிலிருந்து ஓர் அம்புக்குறி, அடுத்த பெட்டி. மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு வேலை யாரிடம் தொடங்கி, யாரிடம் போய், யார் சரி சொன்னால் முடிகிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி செயலி கட்டுவதுதான் நாங்கள் கற்றுக்கொண்டிருந்த தொழில். எனக்குச் சொன்னதை நான் கட்டுவேன். அவளோ, நாங்கள் எழுதிக் கொடுத்த லீவு லெட்டர் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்குகிறது என்று வேவு பார்த்துவிட்டு வந்து சிரிப்பாள்.

அவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை, திருமங்கலத்தில் அழகுராஜா நடத்தும் வாடகைக் கடை. விசேஷ வீடுகளுக்குச் சேர், அண்டா, பந்தல் சாமான் அனுப்புகிற கடை. ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதியபோது, "சாமான் பத்தலைன்னா என்ன செய்வீங்கண்ணே?" என்றிருக்கிறாள்.

"இல்லைன்னு சொல்லிருவேன். வேறென்ன செய்ய?"

அப்படியே கட்டினாள். சரக்குக் குறைந்தால் அவர் போனில் சிவப்பாகக் காட்டும். கீழே இரண்டு பொத்தான்: ஏற்கிறேன், மறுக்கிறேன். ஏற்றால் சீட்டு நேரே குடோனில் இருக்கும் முத்திருளனுக்குப் போகும்.

வெள்ளோட்டம் விட்ட இரண்டாவது வாரம் முத்திருளன் ஆபீசுக்கே போன் போட்டார். "இருக்கிறது எம்பது சேரு. இருநூறு ஏத்துன்னு சீட்டு வருது. மிச்சத்துக்கு நான் போய்க் குத்த வச்சு உக்காரவா?"

எங்கள் மேலாளர் ஜெயந்த் சார் குரலை உயர்த்தவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணும்மா. அன்னைக்குத்தான் உன் பயிற்சிக் காலமும் முடியுது" என்றார். செயலி சரியாகாவிட்டால் வேலை இல்லை. இவளோ, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று போன மாதமே அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

நானாக இருந்தால் பயத்தில் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவள் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, "ஏய், இங்க பாரேன்டி!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். பன்னிரண்டு நாளில் எட்டு தப்பு. எட்டுமே அந்தந்த நாளின் முதல் ஆர்டர். எட்டுக்கும் அழகுராஜாவின் போனிலிருந்தே 'ஏற்கிறேன்' அழுத்தப்பட்டிருந்தது.

"காலையில மொதத் தடவ தொறக்கும்போது பழைய கணக்கே நிக்குது. செகப்பு வரலை. அதான்" என்றேன் நான். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அவள் என்னை நம்பி மூன்று நாள் அந்த இடத்தையே திருத்தித் திருத்தி எழுதினாள். ஒன்றும் மாறவில்லை. நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டதற்கு, "நம்ம தப்பக் கடைக்காரர்கிட்டயே போய்க் கேப்பியா?" என்று ஜெயந்த் சார் மறுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'திருமங்கலத்தில் இறங்கிவிட்டேன்.' அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். மூன்றாவதும் சேர்ந்தால் அதையே காரணமாகச் சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிடலாம்.

வாடகைச் சேர் ஒன்றில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே முதல் போன் வந்தது. காதுகுத்துக்கு இருநூறு சேர். அழகுராஜா செயலியில் எண்ணிக்கையைத் தட்டினார். சிவப்பு வந்தது. எண்பதுதான் இருக்கிறது என்று பளிச்சென்று காட்டியது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு 'ஏற்கிறேன்' அழுத்தினார்.

"அண்ணே, செகப்பாக் காட்டுதேண்ணே!"

"காட்டுதும்மா, நல்லாவே காட்டுது. அதுக்குன்னு கடையத் தொறந்ததும் மொதப் போன்ல இல்லைன்னு சொல்லச் சொல்றியா? போணி ஆக வேணாமா?"

பத்து நிமிடத்தில் அடுத்த போன். ஐம்பது சேர். "இல்ல மாப்ள, அம்புட்டும் போயிருச்சு" என்றபடி கண் சிமிட்டாமல் 'மறுக்கிறேன்' அழுத்தினார்.

குறைகிற நூற்றிருபது சேர் பேரையூரில் இருக்கும் அவர் மச்சான் கடையிலிருந்து நேரே விசேஷ வீட்டுக்குப் போய்விடுமாம். முன்பெல்லாம் அதை முத்திருளனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவார். இப்போதுதான் செயலி இருக்கிறதே, அதுவே சொல்லிவிடும் என்று விட்டுவிட்டார்.

"எங்கம்மா பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழம் விக்கிறவங்கடி" என்றாள் மத்தியானம் என்னிடம். "மொத ஆளு என்ன வெலைக்குக் கேட்டாலும் குடுத்துருவாங்க. தெனம் அதப் பாத்து வளந்தவ நான். அதுக்கு ஒரு பெட்டி போடணும்னு தோணவே இல்ல பாரேன்."

"போணியப் புரோகிராம்ல எப்படி எழுதுவ?" என்றார், பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயந்த் சார்.

"எழுத வேணாம் சார். எது மொத ஆர்டருன்னு அவருக்குத் தெரியும். அவர் செய்யிறதுக்கு ஒரு பொத்தான்தான் இல்ல."

வெள்ளிக்கிழமை அழகுராஜா ஆபீசுக்கு வந்தார். ஜெயந்த் சார் சரக்கில்லாத ஆர்டர் ஒன்றைப் போட்டு, "மொதல்ல மறுக்கிறேன் அழுத்துங்க சார், டெஸ்ட்தான்" என்று போனை நீட்டினார். அழகுராஜா விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"புதுசா ஒண்ணு தொடங்குறோம், எடுத்ததுமே மறுக்கவா? டெஸ்டா இருந்தா என்ன தம்பி, வெரலு என்னுதுல்ல?"

ஜெயந்த் சார் நாகஜோதியைப் பார்த்தார். அழகுராஜாவே திரையைத் துழாவி, இரண்டு பொத்தானுக்கும் நடுவில் புதிதாக இருந்த 'வெளியே வாங்கி அனுப்பு' என்பதை அழுத்தினார். சீட்டு மச்சானுக்குப் போய், அவர் சரி சொன்னதும் முத்திருளனுக்குப் போனது: நம்முடையது எண்பது, பேரையூர் நூற்றிருபது. உடனே போன் வந்தது. "இப்பச் சரி. நான் குத்த வைக்க வேண்டியதில்ல."

சாயங்காலம் வேலை உத்தரவு கையில் கிடைத்தது. மூன்று நாள் தாமதத்தையும் அதே கடிதத்தில் ஜெயந்த் சார் மறக்காமல் குறிப்பிட்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும், "அம்மா, வேலை நிரந்தரமாயிருச்சு" என்றாளாம்.

"அதான் போன மாசமே சொன்னியே" என்று அம்மா கொய்யாக் கூடையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாராம். "இப்ப எதுக்குடி அழுவுற?"