மாப்பிள்ளையின் ஜீப்பைத் தட்டிப் பார்த்தோம்

ஸ்ரீரங்கத்தில் என் தங்கை மாலதி வீட்டு வாசலில் ஒரு பழைய ஜீப் துருப்பிடித்து நிற்கிறது. அதைச் சரிசெய்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்று இன்று காலை முடிவாக வேண்டியிருந்தது.

அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை சுந்தருக்கு அதில் மகளை ஏற்றிக்கொண்டு பச்சைமலை போக வேண்டும். மாலதிக்கு மகள் உயிரோடு திரும்ப வேண்டும்.

பாலக்கரையிலிருந்து மெக்கானிக் பஷீர் பாய் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட சத்தம் டிரைவர் சீட்டுக்குக் கீழே மந்தமானது.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் துருவைச் சுரண்டாம மேலேயே பெயிண்ட் அடிச்சிருக்கீங்க சார். இங்க இரும்பு இல்லை, பெயிண்ட்தான் இருக்கு."

"அந்தப் பக்கம் தட்ட வேணாம் பாய்," என்றார் சுந்தர். "இதை மட்டும் வெல்டிங் வெச்சுடலாம்."

"ஏன், பொண்ணு அந்தப் பக்கம்தானே உட்காருவா?" என்ற மாலதி, சுத்தியலை வாங்கித் தானே குனிந்து தட்டினாள்.

இரண்டாவது அடியில் சுத்தியல் உள்ளே போய்விட்டது.

நிமிர்ந்தபோது அவள் முகமும் வாடியிருந்தது.

சுந்தர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மச்சான், இரும்புக் கடைக்காரருக்குப் போன் போடுங்க. ஸ்டியரிங்கை மட்டும் கழட்டிக்கிறேன்," என்றார்.

"அதைத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தீங்கன்னா பாருங்க!" என்றாள் மாலதி.

ஸ்டியரிங் இப்போது புத்தூரில் என் வீட்டு சோபாவில் இருக்கிறது. என் மனைவி இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. அவளிடம் என்ன சொல்லலாம் என்று யாருக்காவது தோன்றினால், சீக்கிரம் கீழே எழுதுங்கள்.