இதில் அஹ்சன் எங்கே வருகிறான்?

சிங்கப்பூரின் தெம்பனிஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஹம்னா வரலாறு கற்றுக்கொடுத்தாள். உலகப் போர் ஏன் மூண்டது என்ற பாடம் ஆண்டுதோறும் வரும். அதற்கு ஹம்னாதான் சரி என்று பள்ளியே ஒப்புக்கொண்டிருந்தது. வகுப்பறையை ஐரோப்பாவாக்கிவிடுவாள். இந்த மேசை ஜெர்மனி, அந்த மேசை ரஷ்யா. யாருக்கு யார் கூட்டு, யாருக்கு யார்மேல் பயம் என்று பிள்ளைகளின் காதில் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, ஒரு மேசையிலிருந்து ஒரே ஒரு பேனாவை எடுத்து அடுத்த மேசையில் வைப்பாள். மணி அடிப்பதற்குள் எல்லா மேசைகளும் சண்டையில் இறங்கியிருக்கும்.

"யாராவது சண்டை வேணும்னு கேட்டீங்களா?" என்பாள் கடைசியில். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

கல்யாணம் ஒத்துவராமல் பிரிந்து வந்ததிலிருந்து அவள் உம்மா மைமூனோடுதான் இருந்தாள். வீட்டில் மூன்றாவது ஆள் தம்பி அஹ்சன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். இன்ஜின் இரைச்சலில் பேசிப் பழகியவன், வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். விடுப்பில் வந்தால் நிசப்தத்தில் தூக்கம் வராது என்று காற்றாடியை முழு வேகத்தில் சுழலவிட்டுத்தான் படுப்பான். பக்கத்து அறையில் மைமூன் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டே, "இருக்கட்டும், புள்ள தூங்குறான்" என்பாள்.

அந்த ஆண்டு வடக்குக் கடலில் இரண்டு நாடுகளுக்குள் தகராறு கிளம்பியது. ஆள் குடியில்லாத ஒரு பாறைத் தீவு, அதன் பக்கம் மூழ்கிப்போன ஒரு மீன்பிடிப் படகு. மன்னிப்புக் கேள் என்றது ஒரு நாடு. கேட்டால் மானம் போய்விடும் என்று நினைத்தது மற்றது. முதல் நாட்டோடு ஒப்பந்தம் போட்டிருந்த மூன்றாவது நாடு போர்க்கப்பல்களை அனுப்பியது. பாதுகாப்புக்கு மட்டும்தான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அஹ்சனின் கப்பல் அந்தப் பக்கம் திரும்புமுன் ஒரு துறைமுகத்தில் நின்றது. விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்று கேப்டன் சொல்லிவிட்டார். அஹ்சன் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"லாத்தா, நீதான் இதெல்லாம் படிச்ச ஆளு. சண்டை வருமா?"

"வராதுடா. ரெண்டு பேருக்கும் அவ்வளவு வியாபாரம் இருக்கு. மிரட்டிப் பாக்குறாங்க, அவ்வளவுதான் லா."

"அப்ப நான் இறங்கல. ஆளு கொறஞ்சா இருக்குறவனுங்களுக்குத்தான் கஷ்டம்."

அடுத்த வாரம் அந்தக் கப்பல்மேல் ஏவுகணை விழுந்தது. நீங்கள்தான் சுட்டீர்கள் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டின. இன்ஜின் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மேல்தளத்தில் இருந்தவர்களை மீட்டார்கள். கீழே இருந்தவர்களின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் அஹ்சனுக்காக, உடல் இல்லாமலே, காயிப் ஜனாஸா தொழுதார்கள். அஹ்சன் தொலைபேசியில் கேட்டதையும் தான் சொன்னதையும் ஹம்னா யாரிடமும் சொல்லவில்லை, உம்மாவிடம்கூட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைமூன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இக்கான் பிலிஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். காய்ந்த மீனின் தலையைக் கிள்ளிக் கிள்ளி ஒரு பக்கம் போட்டபடியே கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேருக்கும் என்னதான் சண்டை, ஹம்னா?"

ஹம்னா சொல்ல ஆரம்பித்தாள். அந்தத் தீவு முன்பு யாரிடம் இருந்தது, பழைய போரில் தோற்றவர்களுக்கு ஆறாத அவமானம், கடலடியில் இருக்கிற எண்ணெய், தேர்தல் நெருங்குவதால் இறங்கிவர முடியாத தலைவர்கள், ஒருவன் ஆயுதம் வாங்கினான் என்று அடுத்தவனும் வாங்கியது, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள். யோசிக்காமலே வகுப்பில் சொல்லும் அதே வரிசையில் எல்லாம் வந்தன. மைமூன் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எல்லாம் சரி," என்றாள். "இதுல அஹ்சன் எங்க வர்றான்?"

கோபமாகக் கேட்கவில்லை. நடுவில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்பதுபோல் கேட்டாள்.

"அவன் எங்கயும் வரல, உம்மா."

மைமூன் தலையசைத்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

ஹம்னா பள்ளிக்குத் திரும்பியபோது அந்த உலகப் போர்ப் பாடம்தான் காத்திருந்தது. துறைத் தலைவர் ராஜீவ் அவளைத் தனியாக அழைத்தார். "இத நான் எடுத்துக்குறேன், ஹம்னா. நீங்க வேற வகுப்பு பாருங்க."

"பரவாயில்ல சார். நானே முடிச்சிடுறேன்."

அன்று மேசைகளுக்கு நாடுகளின் பெயர் வைக்கவில்லை. காரணங்களைப் பலகையில் எழுதி, தேர்வில் வரும் கேள்வியையும் கீழே எழுதினாள்: இவற்றுள் முக்கியக் காரணம் எது? பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள். இனியா என்ற மாணவி மட்டும் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இப்ப நடக்குறதுக்கும் இதே ஆன்ஸர்தானா? பேர மட்டும் மாத்திட்டாப் போதுமா?"

"முக்கால்வாசிக்குப் போதும்."

"காரணம் எல்லாருக்கும் தெரியுதே. அப்புறம் ஏன் நிறுத்த முடியல?"

பின்வரிசையில் யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். ஹம்னா அந்தப் பிள்ளையைக் கையமர்த்தினாள்.

"அடுத்தவங்க நிறுத்திடுவாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைக்கிறாங்க," என்றாள். "இவ்வளவு நஷ்டத்துக்கு யாரு துணிவாங்கன்னு எல்லாரும் நம்புறாங்க. நானும் நம்பினேன்."

பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொன்னாள். மீதி நேரம் வகுப்பு தானாகவே படித்தது. அடுத்த ஆண்டுக்கு அவள் புவியியல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ராஜீவ் காரணம் கேட்கவில்லை.

போர் நிற்கவில்லை. ஒரு சமாதானம் வந்து சில நாளில் முறிந்தது. நான்காவது நாடும் இறங்கியது. அது இறங்குமென்று ஹம்னாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. செய்தியில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய தண்டனையாகிவிட்டது. எட்டு மணிச் செய்தி ஆரம்பித்தால் எழுந்துபோய்த் துணி மடிப்பாள்.

ஒரு மாலை, கடலைப் பார்க்க வேண்டும் என்றாள் மைமூன். மகன் போனதிலிருந்து அவள் கடல் பேச்சே எடுத்ததில்லை. ஹம்னா ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். வடக்குக் கடல் வழி அடைபட்டதால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. இத்தனை கப்பல்களை ஹம்னா ஒருசேரப் பார்த்ததில்லை. சிலவற்றில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

மைமூன் கல் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குள்ளயெல்லாம் ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க, உம்மா."

"எப்பப் போவாங்க வீட்டுக்கு?"

"தெரியல."

மைமூன் உதட்டுக்குள் காவலுக்கு ஏதோ ஓதி, கப்பல்கள் நின்ற பக்கம் மெல்ல ஊதினாள். பிறகு மகளின் கையைப் பிடித்து எழுந்து, மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.